குறுநில மன்னரின் 65 மணிகள்

சீனாவின் ஹூபெய் மாகாணத்தில், சுவேய் மாவட்டத்து லெய்குதுன் குன்றை 1977-ல் ராணுவத்தினர் பட்டறை கட்டுவதற்காகச் சமப்படுத்திக்கொண்டிருந்தார்கள். செம்பாறைக்கு நடுவே வேறு நிறத்தில் மண் தட்டுப்படவே, தொல்லியலாளர்களுக்குத் தகவல் போனது. மறு ஆண்டு மே மாதம் கல்லறையைத் திறந்தால், உள்ளே முழுக்கத் தண்ணீர். இறைக்க இறைக்க மரச்சட்டத்தின் முனைகள் தெரிந்தன. பிறகு வரிசை வரிசையாக வெண்கல மணிகள். மூன்று அடுக்கு, மொத்தம் 65. உத்தரங்களைத் தாங்கி நின்றவர்கள் இடுப்பில் வாள் செருகிய ஆறு வெண்கல வீரர்கள். ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சட்டம் பெரும்பாலும் சாயாமல் நின்றது.

மணிகளுக்குச் சொந்தக்காரர் ட்ஸெங் நாட்டுக் குறுநில மன்னர் யீ. ஜோவ் அரச குலத்தின் கிளை வழி வந்தவர். பழைய வரலாற்று நூல் எதிலும் இவர் பெயர் கிடையாது. இறந்தது கி.மு. 433 வாக்கில், நாற்பது வயதைக் கடந்தபின். யாங்சி ஆற்றங்கரைச் செம்பு வடக்கே போகும் பாதையில் இருந்த நாடு என்பதால் வெண்கலத்துக்குப் பஞ்சமில்லை. கல்லறையில் கிடைத்த வெண்கலம் மட்டும் சுமார் 10 டன்.

மணிகளை வார்த்த விதம்தான் கதையின் சுவையான பகுதி. சுட்ட களிமண் அச்சுகளைத் துண்டு துண்டாகச் செய்து, பொருத்தி, அதற்குள் உருகிய வெண்கலத்தை ஊற்றினார்கள். வெள்ளீயம் குறைந்தால் ஓசை மங்கும். கூடினால் மணி விரிசல் விடும். நூற்றுக்கு 12 முதல் 15 பங்கு என்ற அளவில் அதை நிறுத்தியிருக்கிறார்கள். வார்த்த பிறகு உள்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்துச் சுருதி கூட்டிய தடம் இன்றும் தெரிகிறது. மிகப் பெரிய மணி 203.6 கிலோ, மிகச் சிறியது இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு.

இவற்றின் வாய் வட்டமாக இருக்காது. இரண்டு ஓடுகளை முகத்தோடு முகம் கவிழ்த்துச் சேர்த்ததுபோல், பக்கங்களில் கூராக ஒடுங்கியிருக்கும். வட்ட மணியை அடித்தால் நாதம் நெடுநேரம் நிற்கும். அடுத்த சுரம் அதில் கலந்து குழம்பிவிடும். இந்த வடிவத்தில் நாதம் சீக்கிரம் அடங்குவதால் பாட்டு வாசிக்க முடிகிறது. இன்னொரு வித்தையும் உண்டு. நடுவில் தட்டினால் ஒரு சுரம், ஓரத்தில் தட்டினால் வேறொரு சுரம். முதலாவதை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், இரண்டாவது சாதாரண காந்தாரமோ அந்தர காந்தாரமோ ஆக இருக்கும். இசை ஆய்வாளர் ஹுவாங் ஷியாங்பெங் பழைய மணிகளைத் தட்டிப் பார்த்து இப்படி இரு சுரம் இருக்கலாம் என்று சொன்னபோது பலர் நம்பவில்லை. ட்ஸெங் மணிகள் அவர் பக்கம் சாட்சி சொல்லிவிட்டன. எந்த இடத்தில் தட்டினால் எந்தச் சுரம் என்று மணியின் மேலேயே எழுதியிருந்தது. ஐந்து ஸ்தாயிகள் கேட்கும் அந்த மணிகளில், நடு ஸ்தாயிகளில் பன்னிரண்டு அரைச்சுரங்களும் கிடைக்கின்றன. 1978 ஆகஸ்டில் அவற்றையே வைத்துக் கச்சேரியும் நடத்திப் பார்த்தார்கள்.

மணிகளில் உள்ள எழுத்துகள் சுமார் 2,800. ட்ஸெங்கில் இன்ன பெயருள்ள சுருதிக்கு ச்சூ நாட்டில் என்ன பெயர், ஜின்னில் என்ன, ச்சீயில் என்ன என்று ஒப்பிட்டுக்கொண்டே போகின்றன. பெரிய நாடுகளுக்கு நடுவே இருந்தவர்கள், ஒவ்வொரு பக்கத்துக் கணக்கையும் தெரிந்துவைத்திருந்தார்கள்.

இந்த இசைக்குக் கொடுத்த விலையும் அதே கல்லறையில் இருக்கிறது: மன்னரோடு புதைக்கப்பட்ட 21 இளம்பெண்கள். மூத்தவருக்கே இருபத்தைந்து வயதுதான் இருக்கும். அவர்களில் சிலர் வாசித்தவர்களாகவோ ஆடியவர்களாகவோ இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

ஒரு புதிர் பாக்கி இருந்தது. அந்த வட்டாரத்தில் சுவேய் என்ற நாடு இருந்ததாகத்தான் நூல்கள் சொல்கின்றன. தோண்டினால் கிடைத்ததெல்லாம் ட்ஸெங். கி.மு. 506-ல் ஊ நாட்டுப் படை ச்சூவின் தலைநகரைப் பிடித்தபோது, தப்பி ஓடிவந்த ச்சூ மன்னர் ஜாவைக் காட்டிக்கொடுக்காமல் காத்தது சுவேய் என்பது நூல்களின் செய்தி. 2009-ல் அருகிலுள்ள வென்ஃபெங்தா என்ற இடத்தில் வேறொரு ட்ஸெங் மன்னரின் மணிகள் கிடைத்தன. ஊ படையெடுப்பின்போது ச்சூ மன்னரை மீண்டும் நிலைநிறுத்தியது தாங்களே என்று அவை சொல்கின்றன. ஒரே நாட்டுக்கு இரண்டு பெயர் என்ற கருத்து அதன்பின் வலுத்துவிட்டது.

காப்பாற்றப்பட்ட ஜாவின் மகன் ஹ்வே, தன் 56-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.மு. 433-ல், யீக்காக ஒரு மணி வார்த்துக் கொடுத்தார். 65-ல் ஒன்று அது. வடிவமும் வேறு, சுரவரிசையிலும் சேராது. ஆனாலும் அதை மாட்டியிருப்பது கீழ் அடுக்கின் நடுவில். அதற்கு இடம் விட ட்ஸெங்கின் சொந்தப் பெரிய மணி ஒன்றைக் கழற்றிவிட்டார்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அரைச்சுரம் பிசகாமல் சுருதி கூட்டியவர்களுக்கு அந்த மணி சேராது என்பது தெரியாமலா இருந்திருக்கும்? பக்கத்தில் இருப்பது ச்சூ என்பதும் தெரிந்திருந்தது.