பேண்டு செட்டும் பெத்தவங்களும்



பெங்களூர் ரோட்டுல போறவங்களுக்கு ஸ்ரீபெரும்புதூர்னாலே கம்பெனிதான் ஞாபகம் வரும். 1998-ல இருங்காட்டுக்கோட்டையில கார் செய்ய ஆரம்பிச்சாங்க. 2010-ல ஒரகடத்துல இன்னொரு கார் கம்பெனி வந்துச்சு. கூடவே லாரி, புல்லட், செல்போன், கண்ணாடின்னு வரிசையா வந்துருச்சு. ஆனா அந்தக் காம்பவுண்டு சுவருங்களுக்கு நடுவுல இன்னும் ஊர் இருக்கு, ஏரி இருக்கு, என்னை மாதிரி நெல்லு போடுறவன் நாலு பேர் இருக்கோம். பள்ளிக்கூடமும் இருக்கு. அந்தப் பள்ளிக்கூடத்துல பேண்டு செட் இருக்கு.

பேண்டு அடிக்கிற பசங்களைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. நான் எழுதப்போறது அவங்களுக்குப் பின்னால தண்ணிக்குடத்தோட நடக்குற அப்பா அம்மாவைப் பத்தி. அதுக்குக் கொஞ்சம் பழைய கதையும் சொல்லணும்.

பேண்டு நம்ம ஊருக்கு வந்தது வெள்ளைக்காரன் பட்டாளத்தோட. சென்னைக் கோட்டையில பட்டாள பேண்டு வாசிக்கும். அந்தக் காலத்துல ராமசாமி தீட்சிதர்னு ஒரு வித்துவான், திருவாரூர்ல இருந்து குடும்பத்தோட மணலிக்கு வந்து தங்கினார். இன்னிக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கே, அதே மணலிதான். அங்க ஒரு முதலியார் குடும்பம் அவரை ஆதரிச்சது. அவர் பிள்ளைங்க அந்த இங்கிலீஷ் மெட்டுகளைக் காது குளிரக் கேட்டாங்க. மூத்தவர் முத்துசாமி தீட்சிதர் அந்த மெட்டுகள்ல சுமார் 40 சின்னப் பாட்டுகள் கட்டினார். அதைத்தான் நோட்டுஸ்வரம்னு சொல்றாங்க. பிரிட்டன் ராஜாவுக்குப் பாடுற வாழ்த்து மெட்டுல கூட ஒரு சாமி பாட்டு இருக்கு. தம்பி பாலுசாமி தீட்சிதர் வயலின் கத்துக்கிட்டார். நம்ம கச்சேரிக்குள்ள வயலின் வந்த கதையில அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

தஞ்சாவூர்ல 1798-ல இருந்து 1832 வரைக்கும் ராஜாவா இருந்த இரண்டாம் சரபோஜி, அரண்மனையிலேயே ஒரு பேண்டு வெச்சிருந்தார். பின்னாடி பேண்டு ஊர்வலத்துக்கும் கல்யாணத்துக்கும் இறங்கி வந்துச்சு. 1885-ல மீரட்ல, பட்டாளத்துல பேண்டு மாஸ்டரா இருந்த நாதிர் அலி வாத்தியக் கம்பெனி ஆரம்பிச்சார். அந்த ஊர்ல இன்னிக்கும் பித்தளை வாத்தியம் செய்றாங்க. சாரணர் படை, தேசிய மாணவர் படைன்னு வந்தப்போ பள்ளிக்கூடத்துக்குள்ளயும் ட்ரம்மும் பியூகிளும் நுழைஞ்சது.

சரித்திரத்துல ராஜா பேர் இருக்கு, வித்துவான் பேர் இருக்கு, கம்பெனி பேர் கூட இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க. பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு திருவாரூர்ல இருந்து மணலி வரைக்கும் ஒரு அப்பா வந்ததாலதானே அந்தப் பிள்ளைங்க காதுல பேண்டு விழுந்தது?

மேளத்துலயும் இதே கதைதான். எங்க ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். சித்திரையில உற்சவம் நடக்கும். ராத்திரி சாமி புறப்பாட்டுல பெரிய நாயனக்காரர் பக்கத்துல சின்னப் பசங்க ஒத்து ஊதிக்கிட்டும் தாளம் போட்டுக்கிட்டும் தூக்கக் கலக்கத்துல நடக்கிறதை நான் சின்ன வயசுல பார்த்திருக்கேன். மேளக்காரங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு அதுதான் முதல் பாடம். நாதஸ்வர சக்கரவர்த்தின்னு பேர் வாங்கின ராஜரத்தினம் பிள்ளை சின்ன வயசுலயே அப்பாவை இழந்தவர். தாய்மாமா திருமருகல் நடேச பிள்ளை தத்து எடுத்து வளர்த்தார். அந்தத் தாய்மாமா இல்லைன்னா நமக்கு அந்த தோடி ஏது?

இப்போ கொஞ்சம் கஷ்டமான விஷயம். தெருவுல நடந்துக்கிட்டே வாசிக்கிற வாத்தியம்னா நம்ம மண்ணுல முதல்ல பறைதான். ஆனா சாவுக்கு அடிக்கணும், கூலி கேக்கக் கூடாது, மாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு அதை ஒரு ஜனத்து மேல கட்டாயமா சுமத்தி வெச்சிருந்தோம். தென்னார்க்காடு பக்கம் காட்டுமன்னார்கோயில் எல்.இளையபெருமாள் இதை எதிர்த்து, கட்டாயத்துக்குப் பறை அடிக்க மாட்டோம்னு ஜனங்களைத் திரட்டினார். 1952-ல எம்.பி. ஆனவர். 1965-ல மத்திய அரசு போட்ட தீண்டாமை பத்தின குழுவுக்குத் தலைவரும் அவர்தான். அந்தக் காலத்துல எத்தனையோ அப்பாக்கள் பிள்ளைங்க கையில குச்சி போகக் கூடாதுன்னு பறையைக் கீழ வெச்சாங்க. அதுவும் பெத்தவங்க செஞ்ச தொண்டுதான். அப்புறம் காலம் திரும்புச்சு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவுல பொண்ணுங்க பறை எடுத்தாங்க. 2025-ல மதுரை வேலு ஆசானுக்குப் பறைக்காக பத்மஸ்ரீ குடுத்தாங்க.

எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துலயும் இந்த முடிச்சு வந்துச்சு. ஒரு பையனைப் பெரிய ட்ரம்முக்கு எடுத்தாங்க. அவன் அப்பா என்னோட சேத்துல இறங்கி வேலை செஞ்சவர். அவர் ஒத்துக்கலை. "எங்கப்பாவோட சாவு வீடு சாவு வீடா போய் அடிச்சவன்ணே நான். நான் கீழ வெச்சதை என் புள்ள தூக்கணுமா?"ன்னு கேட்டார். நான் என்ன பதில் சொல்ல முடியும்? பேசாம இருந்தேன். வீட்டுக்காரம்மாதான் அவரைப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க எல்லாத் தெருப் பசங்களும் ஒரே வரிசையில, ஒரே சட்டையில, தோள்ல ட்ரம்மோட நிக்கிறாங்க. கொடிக்கு முன்னாடி முதல் அடி இவர் பையனோடது. அவர் ஒண்ணும் பேசலை. மறுநாள் சாயங்காலம் அவரே வந்து தொய்ஞ்சு கிடந்த தோலை முறுக்கி சரி பண்ணிக் குடுத்தார். இப்போ ஒவ்வொரு அணிவகுப்புக்கும் முந்தின நாள் எல்லா ட்ரம்மும் அவர் கை பட்டுத்தான் வெளிய வருது.

மத்த பெத்தவங்களும் சும்மா இல்லை. எங்க காலத்துல அம்மா சொம்புல தணல் போட்டு வெள்ளைச் சட்டையைத் தேய்ச்சுக் குடுப்பாங்க, கேன்வாஸ் ஷூவுக்கு நாங்களே சாக்பீஸ் பூசிக்குவோம். இன்னிக்கு வேலை அதைவிடப் பெருசு. ட்ரம் வார் கழுத்தை அறுக்குதுன்னு ஒரு அம்மா பழைய புடவையை மடிச்சுத் தச்சு மெத்தை வெச்சாங்க. பியூகிள் ஊதி உதடு வெடிச்ச பையனுக்குத் தேங்காய் எண்ணெய் ஒருத்தங்க கொண்டு வருவாங்க. காஞ்சிபுரத்துல போட்டின்னா குட்டியானை பேசி வாத்தியத்தை ஏத்துறது அப்பாக்கள். விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து புளிச்சோறு கட்டுறது அம்மாக்கள்.

இதுல ஒரு கணக்கு இருக்கு, அதை நகரத்துல இருக்கிறவங்க புரிஞ்சுக்கணும். இங்க பாதி வீட்டுல அப்பாவோ அம்மாவோ கம்பெனியில ஷிப்ட். ஒரு நாள் லீவு போட்டா அன்னிக்குக் கூலியும் போச்சு, மாசக் கடைசியில வர்ற அட்டெண்டன்ஸ் போனஸும் போச்சு. அதனால கூட வேலை செய்றவங்க கையைக் காலைப் பிடிச்சு ஷிப்ட் மாத்திக்கிறாங்க. நைட் ஷிப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல இறங்கி, தூங்காம நேரா மைதானத்துக்கு வர்ற அம்மாவை நான் பார்த்திருக்கேன். என் காலத்துல பெத்தவங்ககிட்ட காசு இல்லை, ஆனா அறுவடை முடிஞ்சா நேரம் இருந்துச்சு. இப்போ கொஞ்சம் காசு இருக்கு, நேரம்தான் இல்லை. அந்த இல்லாத நேரத்தைத்தான் இவங்க குடுக்குறாங்க.

அமெரிக்காவுல என் சித்தப்பா பேத்தி இருக்கா. அங்க பள்ளிக்கூட பேண்டுன்னா பெரிய திருவிழா மாதிரி. அங்கயும் முதல்ல தள்ளிவிட்டது கம்பெனிதான். 1923-ல சிகாகோவுல நாடு தழுவின பள்ளி பேண்டு போட்டி நடந்தப்போ பின்னால இருந்தது வாத்தியம் செய்ற கம்பெனிங்க. ஆனா அது நூறு வருஷம் நிலைச்சதுக்குக் காரணம் பெத்தவங்க சங்கம். பணம் திரட்டுறது, சீருடை தைக்கிறது, லாரி ஓட்டுறதுன்னு எல்லாம் அவங்கதான். 1972-ல இருந்து ட்ரம் கோர்னு இளைஞர் குழுக்களுக்கு அங்க தனிப் போட்டி நடக்குது. கோடை முழுக்க ஊர் ஊரா போற அந்தக் குழுவோட ஒரு சமையல் லாரியும் போகும். அதுல ஆக்கிப் போடுறவங்கள்ல பல பேர் சம்பளம் வாங்காத அப்பா அம்மா. அவங்களுக்குன்னு தனி பனியன், அவங்க பேரை மைக்ல சொல்றது எல்லாம் உண்டுன்னு பேத்தி சொன்னா.

நம்ம பக்கம்? ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். சால்வை கம்பெனி அதிகாரிக்கு, கவுன்சிலருக்கு, வாத்தியம் வித்த கடைக்காரருக்குக் கூட. ட்ரம்மை முறுக்கினவர் பந்தலுக்கு வெளிய நின்னு பார்த்துக்கிட்டு இருந்தார். யாரும் கெட்ட எண்ணத்துல செய்யலை. அவரைக் கூப்பிடணும்னு ஒருத்தருக்கும் தோணலை, அவ்வளவுதான்.

இதைப் படிக்கிறவங்கள்ல சிலர் கம்பெனியில சமூகப் பொறுப்பு நிதி பார்க்கிறவங்களா இருப்பீங்க. பள்ளிக்கூடத்துக்கு இருபது ட்ரம் வாங்கிக் குடுக்குறீங்க, ரொம்ப நன்றி. கூடவே ஒண்ணு செய்யுங்க. போட்டி நாள் அன்னிக்கு அந்தப் பசங்களோட பெத்தவங்க உங்க லைன்ல வேலை செஞ்சா சம்பளத்தோட ஒரு நாள் லீவு குடுங்க. ட்ரம் தோல் ரெண்டு வருஷத்துல கிழிஞ்சிடும். அம்மா வந்து நின்னு பார்த்ததைப் பையன் மறக்க மாட்டான்.

நாங்க ஊர்ல பேசி முடிவு பண்ணியிருக்கோம். வர்ற ஆகஸ்ட் 15-ல கொடி ஏத்தினதும், விருந்தாளிங்க பேருக்கு முன்னாடி, பேண்டுக்கு உழைச்ச பெத்தவங்க பேரை ஒவ்வொண்ணா மைக்ல வாசிக்கப் போறோம். சால்வை கிடையாது. பேர் மட்டும்தான். லிஸ்ட் எழுதுற வேலை எனக்கு. இதுவரைக்கும் 23 பேர் ஆச்சு, இன்னும் நாலு வீட்டுக்குப் போய் கேக்கணும்.