கோட்பாடும் சான்றும்: இந்தியப் பல்கலைக்கழக உள ஆய்வில் அடையாளமும் சமூகமும்

தமிழ் இலக்கிய ஆய்வேடுகளில் உளவியல் அணுகுமுறை இடம்பெறும்போது சிக்மண்ட் பிராய்டு, கார்ல் யுங், ஆல்பிரட் ஆட்லர் ஆகியோரின் பெயர்களே பெரும்பாலும் முன்னிற்கின்றன. இவர்களுள் பிராய்டின் கொள்கைக்கு இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து 1921-ஆம் ஆண்டிலேயே ஒரு மாற்றுரை எழுந்தது என்பது அத்துணைப் பரவலாகப் பேசப்படவில்லை. மனநலம், அடையாளம், சமூகத்தின் தாக்கம் ஆகிய மூன்றையும் இணைத்துக் காணும் ஆய்வு இந்நாட்டிற்குப் பிற்காலத்தில் வந்து சேர்ந்த ஒன்றன்று. அதற்கு ஒரு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் தோன்றும் ஒரு நிலையைச் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சான்றுகள் இந்திய மண்ணில் திரட்டப்பட்டன. அவற்றை விளக்கும் கோட்பாடுகளோ மேலை நாடுகளில் உருவாகி, இங்குப் பாடமாகத் திரும்பி வந்தன.

துறையின் தோற்றம்

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-இல் சோதனை உளவியல் துறை தொடங்கப்பட்டது. இந்தியாவில் இத்தகைய துறை அமைந்தது இதுவே முதன்முறை. பிரஜேந்திரநாத் சீல் பாடத்திட்டத்தை வகுத்தார். ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் முன்ஸ்டர்பெர்க்கிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தா துறைப் பொறுப்பை ஏற்றார். தெற்கே மைசூர்ப் பல்கலைக்கழகத்தில், இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்ற எம்.வி. கோபாலசுவாமியால் 1924-இல் உளவியல் துறை தொடங்கப்பெற்றது. ஆசிரியர்கள் பயின்ற இடங்களை நோக்கின், மனத்தை அளக்கும் கருவிகளும் அளவைகளும் எங்கிருந்து வந்தன என்பது விளங்கும். ஆய்வுக்கூடம் இங்கே அமைந்தது. அளவுகோல் கடல் கடந்து வந்தது.

கல்கத்தாத் துறையின் தொடக்ககால மாணவர்களுள் ஒருவர் கிரீந்திரசேகர் போஸ் (1887–1953). இவர் 1910-இல் மருத்துவப் பட்டம் பெற்று, மருத்துவத் தொழிலை நடத்திக்கொண்டே உளவியல் முதுகலை பயின்று, அத்துறையிலேயே ஆசிரியரானவர். மனத்தின் ஒடுக்கம் பற்றிய ஆய்வேட்டிற்காக 1921-இல் இவருக்கு முனைவர் பட்டம் வழங்கப்பட்டது. நூலாக வெளிவந்த அந்த ஆய்வேட்டின் படியொன்றை இவர் வியன்னாவிலிருந்த பிராய்டுக்கு அனுப்பினார். அத்துணைத் தொலைவிலுள்ள ஒரு நாட்டில் உளப்பகுப்பாய்வு இவ்வளவு ஆர்வத்தோடு வரவேற்கப்படுவது குறித்து வியந்து பிராய்டு மறுமொழி எழுதினார். 1922-இல் கல்கத்தாவின் பார்சிபகான் சந்திலிருந்த போஸின் இல்லத்தில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகம் தோன்றியது. தொடக்க உறுப்பினர்கள் பதினைவருள் பெரும்பாலோர் கல்லூரி ஆசிரியர்கள் என்பதால், இக்கழகம் மருத்துவமனையைவிடப் பல்கலைக்கழகத்தையே சார்ந்து வளர்ந்தது எனலாம்.

போஸ் எழுப்பிய வேறுபாடு

போஸின் கொள்கையை எதிர்விழைவுக் கொள்கை எனக் குறிக்கலாம். ஒரு விழைவு நனவில் எழும்போதெல்லாம் அதற்கு எதிரான விழைவு நனவிலியில் உடன் நிற்கிறது என்பது அதன் சாரம். அடிக்க விழைபவனிடம் அடிபடும் விழைவும், ஆளவிரும்புபவனிடம் ஆட்படும் விழைவும் மறைந்து கிடக்கின்றன. ஆதலின், நோயாளியைக் கற்பனையில் எதிர்த்தரப்பு நிலையில் மாறி மாறி நிறுத்துவதே போஸ் கையாண்ட மருத்துவ முறையாயிற்று. தன்னடையாளம் என்பது தன்னுள் அடங்கிய தனிப்பொருள் அன்று, பிறனோடு கொண்ட உறவில் அமைவது என்னும் கருத்து இதனுள் பொதிந்துள்ளது.

1929-இல் போஸ் தம் கட்டுரைகளைப் பிராய்டுக்கு அனுப்பித் தம் வேறுபாட்டை வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். ஐரோப்பிய நோயாளிகளிடம் காணப்படும் அளவிற்கு இந்திய ஆண்களிடம் ஆண்குறியிழப்பு அச்சம் காணப்படவில்லை. பெண்ணாக இருக்கும் விழைவே அவர்களிடம் எளிதில் வெளிப்படுகிறது என்பது அவர் கண்டது. இவ்வேறுபாடு தம்மைக் கவர்ந்ததாகவும், அவர் வற்புறுத்தும் எதிர்விழைவைத் தாம் கவனத்தில் கொள்வதாகவும் பிராய்டு எழுதினார். எனினும் பிராய்டின் அடிப்படைக் கொள்கையில் இதனால் மாற்றம் எதுவும் நேரவில்லை. 1931-இல் பிராய்டின் எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்குக் கல்கத்தாக் கழகத்தார் அனுப்பிய திருமால் சிலை அவருடைய மேசையில் இடம்பெற்றது. சிலைக்குக் கிடைத்த இடம் கொள்கைக்குக் கிடைக்கவில்லை.

அதே கழகத்தின் மற்றொரு பக்கமும் கருதத்தக்கது. இராஞ்சியில் ஐரோப்பியருக்கென இருந்த மனநோய் மருத்துவமனையின் தலைவர் ஓவன் பெர்க்லி-ஹில், படை அதிகாரி கிளாட் டேலி ஆகிய ஆங்கிலேயர் இருவரும் அதன் உறுப்பினர்கள். இந்துக்களின் சமயத்தையும் குணத்தையும் குழந்தைப்பருவப் பாலுணர்வின் தேக்கமாக விளக்கும் கட்டுரையைப் பெர்க்லி-ஹில் 1921-இல் வெளியிட்டார். டேலி 1930-இல் புரட்சி மனப்பான்மையையே உளவியல் ஆய்வுக்கு உட்படுத்தினார். அடிமைப்பட்ட மக்களின் அரசியல் எதிர்ப்பு, நோயின் மொழியில் பெயர்க்கப்பட்டது. ஒரே கழகத்தில், ஒரே கோட்பாட்டைக் கொண்டு, ஒரு தரப்பினர் இந்திய மனத்தைக் குறையுடையதாகக் கண்டனர். போஸோ அதனை வேறுபட்டதாகக் கண்டார். குறைக்கும் வேறுபாட்டிற்கும் இடையிலுள்ள இந்தத் தொலைவே குடியேற்ற ஆட்சிக்கால உளவியலின் அரசியலாகும். அசிஸ் நந்தி 1983-இலும் 1995-இலும் வெளியிட்ட நூல்கள் இதனைப் பொதுவெளிக்குக் கொணர்ந்தன.

போஸ் ஆராய்ந்த மனமும் அனைவர் மனமும் அன்று. அவரிடம் வந்தவர்களுள் கல்வி பெற்ற நகர்ப்புறத்தார் மிகுதி. இந்திய மனம் எனப் பொதுமைப்படுத்தப்பட்டது, பெரிதும் வங்காள உயர்சாதி நடுத்தர வகுப்பினரின் மனமே. இவ்வரையறையைக் கருத்தில் கொண்டே அவருடைய பங்களிப்பை மதிப்பிடல் வேண்டும்.

வதந்தியும் அச்சமும்

தனிமனிதரை விடுத்துச் சமூகத்தின் தாக்கத்தை ஆராய்ந்த முன்னோடிப் பணி பீகாரில் நிகழ்ந்தது. 1934 சனவரி 15 அன்று அங்குப் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன்பின் மக்களிடையே பரவிய வதந்திகளைப் பாட்னாவில் உளவியல் கற்பித்த ஜமுனா பிரசாத் தொகுத்து, 1935-இல் பிரித்தானிய உளவியல் இதழில் வெளியிட்டார். கங்கை நீர் மறைந்துபோயிற்று, பாட்னாவைப் புயல் தாக்கும், சந்திர கிரகணத்தன்று நிலம் மீண்டும் நடுங்கும் என்றவாறு அவை அமைந்தன. வதந்தியைத் தனிமனிதரின் பிழையாகக் கொள்ளாமல், குழுவின் மனநிலையாகவும் மரபுவழி வந்த நம்பிக்கைகளின் வெளிப்பாடாகவும் பிரசாத் கண்டார். பின்னர் துர்கானந்த் சின்ஹா டார்ஜிலிங் நிலச்சரிவை ஆராய்ந்து 1952-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அழிவை நேரில் கண்ட அம்மக்களிடம் அச்சமூட்டும் மிகைப்பட்ட வதந்திகள் பரவவில்லை.

இவ்விரு ஆய்வுகளையும் ஒப்பிட்டு அமெரிக்க அறிஞர் லியோன் பெஸ்டிங்கர் ஒரு வினாவை எழுப்பினார். அழிவைக் காணாமல் அதிர்வை மட்டும் உணர்ந்தோர், இன்னும் பெரிய கேடு வரும் என்று ஏன் நம்பினர்? அவர்கள் அச்சம் கொண்டிருந்தனர்; அந்த அச்சத்திற்குக் கண்முன் காரணம் இல்லை; உணர்வுக்கும் அறிவுக்கும் இடையிலான முரணைத் தீர்க்கும் காரணத்தை வதந்தி வழங்கியது என்பது அவர் கண்ட விடை. 1957-இல் வெளிவந்த அவருடைய அறிதல் முரண்பாட்டுக் கோட்பாடு உருவானதில் பீகார்ச் சான்றுகளுக்குப் பங்குண்டு. அக்கோட்பாடு உலகெங்கும் பாடமாயிற்று. இந்திய மாணவர்களும் அதனை அமெரிக்கக் கோட்பாடாகவே கற்றனர். பெஸ்டிங்கர் தம் நூலில் இரு இந்திய அறிஞர்களையும் முறையாகச் சுட்டியுள்ளார். மறதி நேர்ந்தது பாடநூல்களில்தான்.

சின்ஹா 1961-இல் அலகாபாத் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையை நிறுவினார். இறக்குமதியான கோட்பாடுகளை இந்திய மாணவர்மீது சோதித்துப் பார்ப்பதோடு ஆய்வு நின்றுவிடக் கூடாது. வறுமை, இழப்பு, ஊரகமாற்றம் ஆகியவை உளவியலின் பொருளாக வேண்டும் என அவர் வற்புறுத்தினார். இந்திய ஊர்கள் மாறிவருவது பற்றிய நூலை 1969-இலும், மூன்றாம் உலக நாட்டின் உளவியல் பற்றிய நூலை 1986-இலும் வெளியிட்டார். சுதிர் கக்கர் 1978-இல் எழுதிய நூல் இந்தியக் குழந்தைப்பருவத்தையும் தன்னடையாள உருவாக்கத்தையும் ஆராய்ந்தது. அதற்கு எரிக் எரிக்சனின் அடையாளக் கோட்பாடு துணைநின்றது.

சாதி: மனப்பான்மையும் காயமும்

இந்தியச் சமூகத்தின் தாக்கம் என்று பேசும்போது சாதியைத் தவிர்க்க இயலாது. பல்கலைக்கழக உளவியல் அதனை முற்றிலும் தவிர்க்கவும் இல்லை. உத்கல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த இராதாநாத் ரத்தும் சர்க்காரும் ஆறு சாதிக் குழுக்களின் மனப்பான்மைகளை ஆராய்ந்து 1960-இல் வெளியிட்டனர். ஆனந்த் பராஞ்பேயின் சாதிக்காழ்ப்புப் பற்றிய நூல் 1970-இல் வெளிவந்தது. இவ்வகை ஆய்வுகள் ஒரு சாதியார் மற்றொரு சாதியாரை எவ்வாறு கருதுகின்றனர் என்பதையே பெரிதும் வினவின. அவ்வாறு கருதப்படுபவரின் உள்ளத்தில் நிகழ்வது யாது என்னும் வினா பின்தள்ளப்பட்டது. சாதி மனப்பான்மையாக அளக்கப்பட்டது, மனக்காயமாக ஆராயப்படவில்லை.

இவ்வினாவுக்குச் சோதனைவழி விடை கண்ட ஆய்வை கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே ஆகியோர் 2004-இலும் 2006-இலும் வெளியிட்டனர். உத்தரப்பிரதேசத்தின் ஊரகப் பகுதியில் ஆறாம், ஏழாம் வகுப்பு மாணவர்களிடம் சிக்கல்வழிப் புதிர்கள் தரப்பட்டன. உயர்சாதியினர் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதியினர் 321 பேர். சாதி வெளிப்படுத்தப்படாதபோது இரு பிரிவினரின் திறனிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குழுவின் முன் ஒவ்வொருவரின் சாதியும் அறிவிக்கப்பட்டதும், ஒடுக்கப்பட்ட சாதி மாணவர் தீர்த்த புதிர்களின் எண்ணிக்கை குறைந்து இடைவெளி தோன்றியது. பிள்ளைகளின் அறிவு மாறவில்லை. அவர்களைச் சூழ்ந்த பார்வை மாறியது. பிறவியிலேயே திறன் வேறுபடுகிறது என்னும் பழங்கூற்றுக்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை. இவ்வாய்வும் உலக வங்கியின் ஆய்வறிக்கையாகவும் அமெரிக்கப் பொருளியல் இதழ்க் கட்டுரையாகவுமே வெளிவந்தது என்பது இங்குக் குறிக்கத்தக்கது.

இலக்கிய ஆய்வுக்கு ஒரு பயன்

இவ்வரலாறு தமிழாய்வாளர்க்கும் தொடர்புடையது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் நின்று பாடும் பாசுரங்களை உளவியல் நோக்கில் அணுகுவோர்க்குப் பிராய்டின் அச்சக் கொள்கையைவிடப் போஸின் எதிர்விழைவுக் கொள்கை பொருந்துவதாகத் தோன்றக்கூடும். ஆயினும் அங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. ஆண்பாற் புலவர் தலைவி கூற்றாகப் பாடுவது சங்க அகமரபிலேயே வேரூன்றியது. மரபாக வந்த கூற்றுநிலையைத் தனிமனித விழைவாக மட்டும் சுருக்கலாகாது. இரவல் கோட்பாட்டிற்கு ஈடாக வேறொரு கோட்பாட்டை வைப்பதனால் மட்டும் ஆய்வு நிறைவுறாது. பனுவலே கோட்பாட்டைத் திருத்தும் நிலை வரவேண்டும். போஸ் தம் நோயாளிகளைக் கொண்டு செய்ய முயன்றது அதுவே.

நிறைவாக

2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையையோ, அவர் சார்ந்த பண்பாட்டு, இன, சமயக் குழுவையோ கொண்டு அவரை மனநோயாளி எனத் தீர்மானிக்கக் கூடாது என்கிறது. சாதி, பாலினம், பாலீர்ப்பு ஆகியவற்றின் அடிப்படையில் மனநல மருத்துவம் மறுக்கப்படுதல் கூடாது என்றும் விதிக்கிறது. பெர்க்லி-ஹில், டேலி ஆகியோரின் எழுத்துகளை அறிந்தவர்க்கு இவ்விதிகள் எத்தகைய கடந்தகாலத்திற்கு எதிராக நிற்கின்றன என்பது புலனாகும். ஆனால் சட்டம் இழிவை விலக்க முடியுமே தவிர, அவ்விழிவு உள்ளத்தில் செய்யும் வேலையை விளக்க முடியாது. அது பல்கலைக்கழகத்தின் பணி. கல்கத்தாவில் 1916-இல் தொடங்கிய அப்பணிக்குச் சான்றுகள் குறைவாக இருந்ததில்லை. அச்சான்றுகளிலிருந்து கோட்பாட்டை இங்கேயே எழுப்பும் துணிவும், யாருடைய மனம் ஆராயப்படாமல் விடுபட்டது என வினவும் நேர்மையுமே இனி வேண்டப்படுவன.