காரும் பிவி46-உம்

சிங்கப்பூரின் டோபி காட் நிலையத்தில் மூன்று ரயில் பாதைகள் சந்திக்கின்றன. அவற்றில் வடகிழக்குப் பாதைக்கும் வட்டப் பாதைக்கும் ஓட்டுநர் கிடையாது. தூரத்திலிருந்து கிளப்பும் வண்டி என்றால் பொத்தானை அழுத்தியதும் உறுமும் கார்தான் நினைவுக்கு வரும். இந்த ரயில்களும் அதே இனம்தான். ஆனால் பழுது வந்தால் தேட வேண்டிய இடம் வேறு.

வெளியில் வாங்கிப் பொருத்திய ரிமோட் ஸ்டார்ட் முரண்டு பிடித்தால், காரணம் பெரும்பாலும் அந்தக் காருக்குள்ளேயே இருக்கும். பானட் சுவிட்ச் திறந்திருப்பதாகக் காட்டினால் எஞ்சின் கிளம்பாது. பிரேக் ஒயர் தவறாக இணைந்திருந்தால், யாரோ பெடலை மிதித்ததாக நினைத்து, ஓடும் எஞ்சினையும் கருவி அணைத்துவிடும். எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் கருவியால் படிக்க முடியாவிட்டால், எஞ்சின் கிளம்பிய பிறகும் ஸ்டார்ட்டர் கரகரவென்று சுற்றும். சாவியின் சிப்பைத் தேடும் இம்மொபிலைசருக்குப் பைபாஸ் சரியாக அமையாவிட்டால், எஞ்சின் கிளம்பிய வேகத்தில் அடங்கும். எர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே முடுக்கிவிட்டால் எந்தக் கோளாறும் வரலாம். பல கருவிகள் பார்க்கிங் விளக்கைச் சிமிட்டியே காரணத்தைச் சொல்லிவிடும். எத்தனை முறை என்று எண்ணிக் கையேட்டைப் பார்த்த பிறகு மல்டிமீட்டரை எடுக்கலாம்.

வட்டப் பாதையில் அப்படி எந்த விளக்கும் சிமிட்டவில்லை. 2016 ஆகஸ்ட் இறுதியில் ரயில்கள் திடீர் திடீரென்று சிக்னலை இழந்தன. இழந்ததும் அவசர பிரேக் பிடித்தது. ஓய்ந்த தொல்லை நவம்பரில் திரும்பியது. குறிப்பிட்ட ரயில் இல்லை, இடம் இல்லை, நேரமும் இல்லை. அரசாங்கத் தொழில்நுட்ப அமைப்பின் தரவு ஆய்வாளர்கள் ஒவ்வொரு சம்பவத்தின் நேரத்தையும் இடத்தையும் வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டு பிரான்சில் ரயில் கால அட்டவணைக்குப் பயன்பட்ட முறை அது. புள்ளிகள் சாய்கோடுகளாக நீண்டன. தொல்லை ரயில் வேகத்தில் நகர்ந்துகொண்டிருந்தது! தான் நிற்காமலே எதிரே வருபவற்றை நிறுத்தும் ரயில் ஒன்று இருக்கலாம் என்று ஊகித்தார்கள். பழைய பதிவுகளில் தேடியபோது பிவி46 என்ற ரயில் சிக்கியது. நவம்பர் 6ஆம் தேதி அதை ஓடவிட்டுப் பார்த்ததும் உறுதியானது. அதன் சிக்னல் கருவியில் இருந்த கோளாறு மற்ற ரயில்களின் தொடர்பை அறுத்துக்கொண்டிருந்தது.

என் பார்வையில் கார்க்காரர்கள் இந்த முறையைக் கடன் வாங்கலாம். ஒயரைப் பிரிப்பதற்கு முன் எப்போது, எங்கே, பக்கத்தில் என்ன என்று சில நாள் குறித்து வைப்பது நல்லது. மலிவான டேஷ்கேமரா ஒன்றின் மின் இரைச்சல்கூட ரிமோட்டின் வீச்சைக் குறைத்துவிடலாம். அதைக் கழற்றி வைத்ததும் ரிமோட் வேலை செய்தால், ரிமோட் ஸ்டார்ட்டைப் பொருத்தியவரைத் திட்ட வேண்டியதில்லை.

சோதனையை மட்டும் சுருக்கமாக முடித்துக்கொள்ளுங்கள்: சிங்கப்பூரில் நிறுத்திய காரின் எஞ்சினை வெறுமனே ஓடவிடுவது குற்றம்.