வெட்டவும் காசு, அடைக்கவும் காசு: பென்னைன் மலையின் வடிகால்கள்

இன்றைக்கு உங்களை வட இங்கிலாந்துக்குக் கூட்டிட்டுப் போகப் போறேன். அங்கே பென்னைன் என்று நீளமான ஒரு மலைத்தொடர் இருக்கிறது. பெரிய உயரமெல்லாம் கிடையாது. அதன் மிக உயர்ந்த சிகரமே 900 மீட்டரைத் தொடாது. மேலே ஏறினால் மரம் இல்லாத, எப்போதும் ஈரமான, பழுப்பு நிற வெட்டவெளி. அதை வானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால், பல இடங்களில் மீன் முள் மாதிரி வரிவரியாகக் கோடுகள் தெரியும்.

அந்தக் கோடுகள் எல்லாம் வடிகால்கள். உள்ளூரில் 'கிரிப்' என்பார்கள். பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வெட்டப்பட்டவை. வெட்டுவதற்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. இன்றைக்கு அதே வடிகால்களை அடைப்பதற்கும் அரசாங்கம் பணம் கொடுக்கிறது. இந்த இரண்டு காசோலைகளுக்கும் நடுவில் நிற்கிற மனிதர்களைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போறேன்.

முதலில், அங்கே இருப்பது என்ன நிலம்? அதன் பெயர் பீட். குளிரும் மழையும் அதிகமான மேட்டு நிலத்தில், தண்ணீர் வடியாமல் தேங்கி நிற்கும் இடத்தில், செத்த செடிகள் முழுசாக மட்காது. காற்று உள்ளே போகாததுதான் காரணம். ஸ்பேக்னம் என்று ஒரு பாசி இருக்கிறது. பஞ்சு போலத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். அதுவும் மற்ற செடிகளும் அடுக்கடுக்காகப் படிந்து கறுப்பு மண்ணாகின்றன. வேகம் தோராயமாக வருஷத்துக்கு 1 மில்லிமீட்டர். அப்படின்னா 3 மீட்டர் ஆழமுள்ள பீட் உருவாக சுமார் 3,000 வருஷம். நம்ம சங்க காலத்துக்கும் முந்தைய செடிகள் அதன் அடியில் கிடக்கின்றன.

அந்தச் செடிகள் காற்றிலிருந்து எடுத்த கார்பனும் அங்கேயேதான் கிடக்கிறது. உலகின் நிலப்பரப்பில் பீட் நிலம் சுமார் 3 சதவீதம்தான். ஆனால் உலகக் காடுகளின் மரம் செடிகள் எல்லாம் சேர்ந்து வைத்திருப்பதைவிட அதிகமான கார்பன் அதில் இருக்கிறது. பிரிட்டனின் பீட் நிலங்களில் மட்டும் சுமார் 300 கோடி டன் என்று மதிப்பிடுகிறார்கள். தண்ணீர் வடிந்து காற்று உள்ளே போனால், மட்கும் வேலை மறுபடி தொடங்கிவிடும். அந்தக் கார்பன் வாயுவாக வெளியேறும்.

சரி, இப்படிப்பட்ட நிலத்தில் ஏன் வடிகால் வெட்டினார்கள்? முட்டாள்தனம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். 1945-ல் நின்று பார்த்தால் அப்படித் தெரியாது. போருக்கு முன்னால் பிரிட்டன் தன் உணவில் பாதிக்கும் மேல் வெளியிலிருந்து கப்பலில் கொண்டு வந்தது. போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அந்தக் கப்பல்களை மூழ்கடித்தன. 1940-ல் தொடங்கிய ரேஷன், போர் முடிந்து 9 வருஷம் கழித்து, 1954-ல்தான் முழுசாக முடிந்தது. பசி என்றால் என்ன என்று பார்த்துவிட்ட அரசாங்கம், ஒரு துண்டு நிலம்கூட வீணாகக் கிடக்கக்கூடாது என்று நினைத்தது. 1946-ல் மலை விவசாயச் சட்டம், 1947-ல் விவசாயச் சட்டம். மலையில் ஆடு வளர்ப்பவர்கள் வடிகால் வெட்டினால், செலவில் பெரும்பங்கை அரசாங்கமே மானியமாகத் தந்தது.

பிறகு இயந்திரமும் வந்தது. கத்பர்ட்சன் கலப்பை என்று ஒன்று; சங்கிலிச் சக்கர டிராக்டர் இழுக்கும். ஒரே ஓட்டத்தில் அரை மீட்டர் ஆழத்துக்கு வாய்க்கால் விழும். 1950-களிலிருந்து 1970-கள் வரை பென்னைன் முழுக்க இந்த வேலை நடந்தது. நிலம் காய்ந்தால் நல்ல புல் வரும், ஆடு கூடும். ஹெதர் செடி தழைக்கும், அதைத் தின்னும் கிரவுஸ் பறவை பெருகும், அப்போது வேட்டைக்கு வருபவர்களிடமிருந்து வருமானம் கூடும். இதுதான் கணக்கு.

கணக்கு பலிக்கவில்லை. பீட் மண்ணுக்குள் தண்ணீர் ரொம்ப மெதுவாக நகரும். அதனால் வடிகாலுக்குப் பக்கத்தில் சில மீட்டர் மட்டும் காய்ந்தது. மற்ற இடமெல்லாம் ஈரமாகவே கிடந்தது. ஆடும் கிரவுஸும் கூடியதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்று 1980-களிலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். வடிகால்கள் மட்டும் வளர்ந்தன. மழைத் தண்ணீர் ஓடி ஓடி அரித்ததில், முழங்கால் ஆழத்துக்கு வெட்டிய சில வாய்க்கால்கள் ஆள் மறையும் பள்ளங்கள் ஆயின. ஆற்றில் கறுப்பு மண் இறங்கியது. 1980-களின் நடுவில் மானியமும் நின்றது. வாய்க்கால் அப்படியே கிடந்தது.

இதை அடைக்க வேண்டும் என்று சூழலியலாளர்கள் கிளம்பியபோது, முதல் கேள்வியே சிக்கலாக இருந்தது. யாரிடம் கேட்பது? நிலத்தின் உடைமையாளர் ஒருவர். பெரும்பாலும் ஒரு பழைய பிரபுக் குடும்பமோ எஸ்டேட்டோ. அதில் ஆடு மேய்ப்பது குத்தகை விவசாயி. வேட்டை உரிமை வேறொருவரிடம் இருக்கலாம். இங்கிலாந்தில் 'காமன்' என்கிற பொது மேய்ச்சல் நிலம் நம்ம ஊர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி இல்லை. அதற்கும் உடைமையாளர் உண்டு. ஆனால் மேய்க்கும் உரிமை பல குடும்பங்களுக்குப் பரம்பரையாகப் பிரிந்து கிடக்கும். ஒரு வாய்க்காலை அடைக்க ஒரு மலைக்கே சம்மதம் வாங்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது சிக்கல், ஞாபகம். வடிகாலை வெட்டியவர் இந்த விவசாயியின் அப்பாவாகவோ தாத்தாவாகவோ இருப்பார். நாட்டுக்குச் சோறு போட்ட வேலை என்று சொல்லி அரசாங்கம் பாராட்டிய வேலை அது. இப்போது அதே அரசாங்கத்தின் அதிகாரி வந்து, "இது தப்பு, மூடணும்" என்கிறார். அந்த இடத்தில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். நாளைக்கு இன்னொருத்தர் வந்து திறக்கச் சொல்ல மாட்டார் என்று என்ன உத்தரவாதம்?

பேச்சு எங்கே ஆரம்பித்தபோது கைகூடியது என்று தேடினால், எனக்கு இரண்டு இடங்கள் தெரிகின்றன. ஒன்று, ஆட்டுக்குட்டி. ஹெதர் வளர்ந்து மூடிய வாய்க்கால் கண்ணுக்குத் தெரியாது. குட்டிகள் அதில் விழுந்து செத்தன. கிரவுஸ் குஞ்சுகளும் விழுந்தன. கார்பனைப் பற்றிப் பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் விவசாயிக்கும் வேட்டை நிலக் காவலருக்கும் இந்த நஷ்டம் நன்றாகத் தெரியும். வாய்க்கால் யாருக்கும் லாபமில்லை என்பதை யாரும் போய்ச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்று, குடிதண்ணீர். வட இங்கிலாந்து நகரங்களின் நீர்த்தேக்கங்கள் இந்த மலைகளில்தான் இருக்கின்றன. காய்ந்த பீட்டிலிருந்து வரும் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும்; அதைச் சுத்தம் செய்ய நிறுவனங்களுக்குச் செலவு. 2005-ல் யுனைடெட் யூட்டிலிட்டீஸ் என்ற நீர் நிறுவனம், பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி.யோடு சேர்ந்து, தன் நிலத்தின் குத்தகை விவசாயிகளோடு பண்ணை வாரியாகத் திட்டம் போட்டது. 2009-ல் யார்க்‌ஷயர் பீட் கூட்டமைப்பு தொடங்கியது.

வேலை நடக்கும் விதத்திலேயே இந்த ஒப்பந்தங்களின் தடயம் இருக்கிறது. வசந்தத்தில் பறவைகள் முட்டையிடும், மண்ணைத் தொடக்கூடாது. ஆகஸ்ட் 12 முதல் டிசம்பர் 10 வரை கிரவுஸ் வேட்டைக் காலம். எஸ்டேட்டின் வேட்டை நாட்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆக, பெரும்பாலான வேலை பனியிலும் மழையிலும்தான். மண்ணில் அமிழாத அகலச் சங்கிலி இயந்திரத்தால் பீட்டையே வெட்டி எடுத்துச் சில மீட்டருக்கு ஒரு தடுப்பு வைப்பார்கள். அரித்துப் போன இடத்தில் கல், ஹெதர் கட்டு, தென்னை நார்ச் சுருள். ஆமாம், நம்ம வீட்டு வாசல் மிதியடியின் அதே நார்தான்.

ஆனால் வாய்க்கால் அடைப்பது சுலபமான பாதி. ஸ்பேக்னம் திரும்பி வர வேண்டுமென்றால் பல இடங்களில் ஆடும் குறைய வேண்டும். இந்த மலைகளில் 'ஹெஃப்ட்' என்று ஒரு ஏற்பாடு உண்டு. வேலி இல்லாத மலையில், ஒரு மந்தை தன் எல்லையைத் தானே அறிந்து அங்கேயே மேயும். தாய் ஆட்டிடமிருந்து குட்டி கற்றுக்கொள்ளும் அறிவு அது. 2001-ல் கோமாரி நோய் பரவியபோது பிரிட்டனில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள். மந்தை போன இடத்தில் அந்த அறிவும் போனது. புது ஆடு வாங்கி விட்டால் தானாக வராது. அதைக் கண்ணால் பார்த்த ஒருவரிடம் "ஆட்டைக் குறைங்க" என்று சொல்வது சின்ன விஷயம் இல்லை.

வேட்டை எஸ்டேட்டுகளோடும் உரசல் தீரவில்லை. கிரவுஸுக்காக ஹெதரைக் கட்டம் கட்டமாக எரிப்பது பழைய வழக்கம். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் ஆழமான பீட் மேல் உரிமம் இல்லாமல் எரிக்கக்கூடாது என்று 2021-ல் இங்கிலாந்து விதி கொண்டுவந்தது. எரிக்காமல் விட்டால் பெருந்தீ பிடிக்கும் என்று ஒரு தரப்பு. எரிப்பதே பீட்டைக் காய வைக்கிறது என்று இன்னொரு தரப்பு. வாய்க்கால் விஷயத்தில் கைகோத்தவர்களே இதில் எதிரெதிரே நிற்கிறார்கள்.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு நின்றது ஒரு விஷயம்தான், காலக்கணக்கு. அரசாங்கத்தின் சூழல் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 5 வருஷம், 10 வருஷம். கார்பன் விற்பதற்காக 2015-ல் வந்த பீட்லேண்ட் கோட் குறைந்தது 30 வருஷம் கேட்கிறது. பல குத்தகைகள் அதைவிடக் குறுகியவை. பீட் வளர்வதோ வருஷத்துக்கு 1 மில்லிமீட்டர். 10 வருஷ ஒப்பந்தம் முடியும்போது, எல்லாம் நன்றாக நடந்திருந்தால், ஒரு விரல் நக அகலம் வளர்ந்திருக்கும்.

அன்றைக்கு வெட்டச் சொன்ன அரசாங்கம் நாற்பது வருஷத்தில் மனம் மாறியது. அந்த விவசாயி சந்தேகப்படுவது பீட்டை அல்ல, கையெழுத்தை. அதற்குப் பதில் சொல்லாமல் வைக்கும் தடுப்பு, அடுத்த மானியம் நிற்கிற வரைக்கும்தான் நிற்கும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.