ஒரு மீட்டர் துணி

குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டும் துணி மருத்துவமனைக்குள் நுழைந்தது கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், 1978இல். அங்கிருந்த தாய்-சேய் மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகள் அதிகம், இன்குபேட்டர்கள் குறைவு. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகள். ஒன்றின் தொற்று மற்றதற்கும். பிள்ளையிடமிருந்து பிரிக்கப்பட்ட தாய்மார் சிலர் குழந்தையை அங்கேயே விட்டுப் போனதும் உண்டு. டாக்டர் எட்கர் ரே பிள்ளையைத் தாயின் வெறும் மார்பில் வைத்துக் கட்டச் சொன்னார். கங்காருவைப் பார்த்து வந்த யோசனை. அடுத்த ஆண்டு டாக்டர் எக்டர் மார்ட்டினெஸும் சேர்ந்துகொண்டார்.

துணியில் விசேஷம் ஏதுமில்லை. மெத்தென்ற ஒரு மீட்டர் சதுரம், மூலைக்கு மூலை மடித்தது. கட்டுவதில்தான் இருக்கிறது வித்தை. அதைச் சொல்லித்தருவது நர்ஸ். டயப்பர், தொப்பி, காலுறையோடு குழந்தையை இரு மார்புகளுக்கும் நடுவே நிமிர்த்தி வைக்க வேண்டும். கால்கள் தவளைபோல் மடங்கியிருக்கும். தலை ஒரு பக்கம் திரும்பி, மூச்சு அடைபடாதபடி சற்றே நிமிர்ந்திருக்கும். துணியின் மேல்விளிம்பு காதுக்குக் கீழே. இறுக்கம் குழந்தையின் நெஞ்சில் விழலாம், வயிற்றில் விழக் கூடாது. வயிறு ஏறி இறங்கினால்தானே மூச்சு. தாய் எழுந்து நின்றாலும் பிள்ளை நழுவக் கூடாது. தூளி கட்டிப் பழகிய கைக்கு இது சட்டென்று பிடிபடும் என்று நினைக்கிறேன்.

பொகோட்டாவைத் தாண்டியதும் துணிக்கு ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது: மெஷின் வாங்க வக்கில்லாதவர்களின் வைத்தியம். நதாலி ஷார்பாக் போன்ற மருத்துவர்கள் வருஷக்கணக்கில் ஆய்வு செய்து அதைத் துடைத்தார்கள். 2003இல் உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டி வெளியிட்டது. ஆனாலும் ஒரு நிபந்தனை: குழந்தையின் உடல்நிலை சீரான பிறகுதான். அதுவரை பிள்ளை பெட்டியில், தாய் வேறு வார்டில்.

அந்த நிபந்தனையை அசைத்தது 2021இல் வெளியான ஆய்வு. டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையிலும், கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியாவிலும் 1 கிலோவுக்கு மேல் 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகள். பிறந்த கையோடு கட்டத் தொடங்கியவர்களில் 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் 12 சதவீதம். வழக்கப்படி காத்திருந்தவர்களில் 15.7. பலன் தெளிவாகத் தெரிந்ததும் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இந்த எண்களைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: பிள்ளையைக் கட்டிக்கொள்ள ஆள் வேண்டுமே, அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்குக் கட்டில் போட வேண்டியதாயிற்று. பார்வை நேரத்துக்கு வந்துபோனவள் உள்ளேயே தங்கிவிட்டாள். அவளுக்கு முடியாத நேரத்தில் அப்பாவோ பாட்டியோ கட்டிக்கொள்ளலாம்.

துணி போதும் என்று முடிவு செய்வது குழந்தைதான். எடை இரண்டரைக் கிலோவை நெருங்கும்போது நெளியத் தொடங்கும். கையை வெளியே இழுக்கும், காலை உதைக்கும், மறுபடி கட்டப் போனால் வீறிடும். சிஸ்டர் முடிச்சை அவிழ்த்து, துணியைச் சலவைக்குப் போட்டுவிடுவார்.