மார்ஷல் கொடுத்த காலாள்: கதையும் வரலாறும்

சதுரங்கத்தில் முதல் நகர்த்தல் வெள்ளைக்கு உரியது. ஆதலின் கறுப்புக் காய்களைக் கொண்டு ஆடுவோர் ஆட்டந் தொடங்கும்போதே ஓரடி பின்தங்கி நிற்கின்றனர். பொறுமையாகக் காத்திருந்து அக்குறையைச் சரிசெய்வோர் பலர். காத்திராமல் ஒரு காலாளைப் பலியாக நீட்டி, எதிரி அதனை வெட்டி எடுக்கும் வேளையில் அவனுடைய அரசன்மேற் பாய்வோர் சிலர். இம்முறையை மேலைநாட்டார் ‘காம்பிட்’ என்பர். மல்யுத்தத்தில் எதிரியின் காலை இடறி வீழ்த்தும் பிடிக்கு இத்தாலிய மொழியில் வழங்கிய சொல்லிலிருந்து இது பிறந்தது. ரூய் லோபெஸ் என்னும் ஸ்பானியப் பாதிரியார் 1561இல் வெளியிட்ட சதுரங்க நூலில் இச்சொல்லை ஆண்டார். காலை வாரிவிடுதல் என்று நம் மக்கள் சொல்வது இதற்கு நன்கு பொருந்தும்.

இத்தகைய தொடக்கங்களுள் பெரும்புகழ் பெற்றது அமெரிக்க வீரர் ஃபிராங்க் மார்ஷலின் பெயரால் வழங்கும் தாக்குதலாகும். அதனைப் பற்றிய கதையொன்று உலகெங்கும் சொல்லப்படுகிறது. அக்கதை எவ்வளவு உண்மை என்பதையும், உண்மை வரலாறு கற்பிப்பது யாது என்பதையும் இங்கே ஆராய்வோம்.

பொறியும் பலியும்

முதலில் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். பொறி வேறு, பலி வேறு. ‘புடாபெஸ்ட் காம்பிட்’ என்னுந் தொடக்கத்தில் ஜெர்மானிய வீரர் கீனிங்கரின் பெயரால் வழங்கும் பொறி ஒன்றுண்டு. கறுப்பு தன் மந்திரியை வெள்ளையின் ஓரக்காலாள் வெட்டும்படி விட்டுவைக்கிறது. வெள்ளை ஆசைப்பட்டு அதனை வெட்டினால், எட்டாம் நகர்த்தலிலேயே கறுப்புக் குதிரை பாய்ந்து ஆட்டத்தை முடித்துவிடும். வெள்ளை அரசனை நாற்புறமும் அடைத்து நிற்பவை அவனுடைய காய்களே. குதிரையை வெட்டக்கூடிய ஒரே காலாளோ, கறுப்பு அரசியின் நேர்வரிசையில் தன் அரசனை மறைத்து நிற்பதால் அசைய இயலாது. காண்பதற்கு அழகிய முடிவுதான். ஆனால் வெள்ளை அம்மந்திரியைத் தொடாமல் தன் அரசன் முன்னுள்ள காலாளை நகர்த்திவிட்டால் பொறி அங்கேயே செயலற்றுப் போகும். எதிரியின் அறியாமையே அதன் உயிர். ஒருமுறை அறிந்தவனிடம் மறுமுறை அது செல்லாது.

மார்ஷலும் கபாபிளாங்காவும்

மார்ஷல் 1877இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1904இல் கேம்பிரிட்ஜ் ஸ்பிரிங்ஸ் போட்டியில் உலக வாகையர் லாஸ்கரையும் பின்தள்ளி முதலிடம் பெற்றார். 1909 முதல் 1936 வரை அமெரிக்க வாகையராக விளங்கினார். தோற்கும் நிலையிலிருந்தும் தந்திரத்தால் மீள்வதில் வல்லவர். அத்தகைய ஆட்டங்களைத் தொகுத்து 1914இல் ஒரு நூலும் வெளியிட்டார். எனினும் 1907இல் லாஸ்கருடன் நடந்த உலகப் போட்டியில் ஓர் ஆட்டத்தைக்கூட அவரால் வெல்ல இயலவில்லை. அடுத்து 1909இல் இருபது வயதே நிரம்பிய கியூபா நாட்டு இளைஞர் கபாபிளாங்காவிடம் தோற்றார். அப்போட்டியின் 23 ஆட்டங்களில் மார்ஷல் வென்றது 1, கபாபிளாங்கா வென்றவை 8, ஏனையவை சமநிலை.

கதை இங்கேதான் தொடங்குகிறது. அந்தத் தோல்வியால் மனம் புழுங்கிய மார்ஷல் ஒரு புதிய தாக்குதலைக் கண்டுபிடித்து, எவருக்குங் காட்டாமல் ஒன்பது ஆண்டுகள் ஒளித்து வைத்திருந்து, 1918 அக்டோபரில் நியூயார்க்கில் கபாபிளாங்காவின்மேல் ஏவினார் என்பர்.

சான்றுகள் வேறு கூறுகின்றன. இதே காலாள் பலியை 1893இல் வால்பிராட் என்னும் ஜெர்மானிய வீரர், ஒன்றுகூடி ஆடிய பலரை எதிர்த்து ஹவானாவில் ஆடியுள்ளார். அது கபாபிளாங்கா பிறந்த நகரம். அவரோ அன்று சிறு பிள்ளை. மார்ஷலும் 1917இல் நியூயார்க்கில் ஃபிரியர் என்பவருக்கு எதிராக இதனைப் பயன்படுத்தினார். ஒளித்து வைத்தவர் ஓராண்டு முன்னரே வெளிக்காட்டுவாரா? அன்றியும், இடைப்பட்ட ஆண்டுகளில் கபாபிளாங்காவுக்கு எதிராக இதனை ஆடும் வாய்ப்புகள் வந்தும் அவர் ஆடவில்லை. ஆகவே ஒன்பது ஆண்டு என்பது பிற்காலத்தார் கட்டிய கதை என்றே கொள்ள வேண்டும்.

1918ஆம் ஆண்டின் ஆட்டம்

கபாபிளாங்கா ரூய் லோபெஸ் பெயரால் வழங்கும் தொடக்கத்தை ஆடினார். எட்டாம் நகர்த்தலில் மார்ஷல் தம் அரசியின் முன்னின்ற காலாளை ஈரடி முன்தள்ளினார். காலாள்களும் குதிரைகளும் வெட்டுப்பட்டபின் மார்ஷலுக்கு ஒரு காலாள் குறைவு. ஆனால் வெள்ளை அரசனைக் காத்து நின்ற குதிரை களத்தில் இல்லை. அரசியின் பக்கத்திலுள்ள வெள்ளை யானையும் குதிரையும் மந்திரியும் பிறந்த கட்டங்களிலேயே உறங்கின. கறுப்பின் படையோ அரசனை நோக்கித் திரும்பிவிட்டது. ஒரு காலாளின் விலைக்கு மார்ஷல் வாங்கியது இந்தக் கால அவகாசமே.

எதிரி நன்கு ஆராய்ந்து வந்துள்ளார் என்பது கபாபிளாங்காவுக்குத் தெரியாமலில்லை. 1921இல் வெளியிட்ட தம் நூலில் அவரே இதனை விளக்குகிறார். கடுந்தாக்குதல் வரும் என்றறிந்தும், அறைகூவலை ஏற்பதே தமக்கு மதிப்பு என்றும், தம் நிலை காக்கத்தக்கது என்றும் துணிந்து காலாளை எடுத்ததாக எழுதுகிறார்.

மார்ஷலின் குதிரை வெள்ளை அரசனின் வாயிலருகே வந்து நின்றது. அதை ஓரக்காலாளால் வெட்டினால், கறுப்பு அரசியும் மந்திரியும் கூடி அரசனை அழித்துவிடும். கபாபிளாங்கா அதனை வெட்டாமல் தம் அரசியை முன்னே கொணர்ந்தார். குதிரை அரசனருகிலிருந்த காலாளை வெட்டிப் புகுந்தது. இங்கே பொறிக்குள் பொறி ஒன்றிருந்தது. வெள்ளை அரசி அக்குதிரையை வெட்டினால், கறுப்பு மந்திரி முதலில் அரசனுக்கு முற்றுகை கூறி அவனை ஒரு கட்டம் நகர்த்தி, அதன்பின்னரே அரசியைத் தாக்க வேண்டும். அவசரப்பட்டு அரசியை முதலில் தாக்கினால், வெள்ளை தன் அரசியையே பலிகொடுத்து, யானையால் அடுத்த நகர்த்தலில் கறுப்பு அரசனை வீழ்த்திவிடும். வரிசை ஒன்று பிறழ்ந்தால் பொறி வைத்தவனே அதில் வீழ்வான்.

கபாபிளாங்கா அக்குதிரையை அரசியால் வெட்டாமல் யானையை ஓரடி உயர்த்தினார். அவருடைய அரசன் தாக்குதலுக்கு இடையே கட்டங் கட்டமாக நடந்து மறுபுறம் சென்று தப்பினான். 36ஆம் நகர்த்தலில் கபாபிளாங்கா வென்றார்.

தோல்விக்குப் பின்

பொறி மட்டுமாக இருந்திருப்பின் இத்தாக்குதல் அன்றே மாண்டிருக்கும். மாளவில்லை, ஏனெனில் மார்ஷல் தோல்வியை ஆராய்ந்தார். பதினோராம் நகர்த்தலில் நடுக்களத்துக் குதிரையைப் பின்வாங்கியதே குறை என்று கண்டு, அதனை அங்கேயே நிறுத்தி, பக்கத்துக் காலாளை ஓரடி நகர்த்தித் தாங்கல் கொடுத்தார். சிறிய திருத்தந்தான். அதன்பின் தாக்குதல் எதிரியின் தவற்றை நம்பியிருக்கவில்லை. வெள்ளை சரியாக ஆடினாலும் கறுப்புக்கு ஈடு கிடைத்தது.

1965இல் திபிலிசியில் உலக வாகையரை எதிர்க்கும் உரிமைக்காக நடந்த இறுதிப் போட்டியில், தாக்குதலில் நிகரற்ற தாலுக்கு எதிராக ஸ்பாஸ்கி இதனை மீண்டும் மீண்டும் ஆடினார். இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. வருவது தெரிந்தும் தாலால் இதனை உடைக்க முடியவில்லை. ஸ்பாஸ்கி 7–4 என வென்றார்.

2004இல் சுவிட்சர்லாந்தின் பிரிசாகோவில் நடந்த உலகப் போட்டியின் எட்டாம் ஆட்டத்தில் வேடன் வேடத்தை வெள்ளை பூண்டது. மார்ஷல் தாக்குதலை ஆடிய ஹங்கேரி வீரர் லேக்கோவுக்கு எதிராக, ரஷ்ய வீரர் கிராம்னிக் கணினியின் துணையோடு ஆராய்ந்து வந்த வழியில் சென்று, தம் அரசியை ஒரு யானைக்கு ஈடாகக் கொடுத்தார். ஓரத்தில் ஓடும் காலாள் அரசியாகிவிடும் என்பது அவர் கணக்கு. லேக்கோ அக்காலாளைத் தடுக்க ஓடவில்லை. பலகையின் முன் அமர்ந்தே சிந்தித்துத் தம் அரசியை எதிரி அரசனுக்கு அண்மையில் நிறுத்தினார். 32ஆம் நகர்த்தலில் கிராம்னிக் தோல்வியை ஒப்பினார். ஆயினும் அப்போட்டி 7–7 எனச் சமமாக முடிந்து, பட்டம் கிராம்னிக்கிடமே நின்றது.

இன்றும் வெள்ளைக் காய்களுடன் ஆடும் வல்லுநர் பலர், எட்டாம் நகர்த்தலிலேயே வேறு வழி திரும்பி இத்தாக்குதலைத் தவிர்க்கின்றனர்.

ஒன்பது ஆண்டு மறைவு என்னுங் கதை கேட்கச் சுவையானது. ஆனால் அதை மட்டும் மாணவரிடஞ் சொன்னால், வெற்றிக்கு வழி ஒளித்து வைத்தலே என்று அவர் எண்ணக்கூடும். ஒளித்த ஆயுதம் ஒருநாள் வெளிப்பட்டே தீரும். வெளிப்பட்ட அன்றே அது தோற்றதை 1918ஆம் ஆண்டின் ஆட்டம் காட்டுகிறது. தோற்ற பின்னும் கைவிடாமல் குறையைக் கண்டு திருத்தியதனால்தான் மார்ஷலின் பெயர் பலகையில் நிலைத்தது. ஆசிரியர்கள் கதையைச் சொல்லும்போது இந்த வரலாற்றையும் சேர்த்தே சொல்வார்களாக.