பனியில் விழுந்த படம்

படம் வருகிற நாளில் எங்கள் மலாயாத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் கொழுந்துக் கூடையைக்கூட ஒழுங்காக இறக்கி வைக்க மாட்டார்கள். தானா ராத்தா ஊரிலிருந்து வளைந்து ஏறும் தகவல் இலாகா வேனின் ஒலிபெருக்கிச் சத்தம் மலைக்கு மலை மோதி, வண்டிக்கு முன்பே வந்துவிடும்.

1923-இன் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. பள்ளி வந்தது; படம் வர இன்னும் காலம் பிடித்தது. அரசாங்கப் படங்கள் எடுக்கும் மலாயன் ஃபிலிம் யூனிட் 1946-ல் தொடங்கியது. 1948-ல் அவசரகாலம். காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள். தோட்ட மக்கள் அந்தப் பக்கம் சாயாதிருக்க அரசாங்கம் தமிழிலும் படம் காட்டியது. "அரசியலாவது மண்ணாவது, ஓசிப் படம்!" என்பார் அப்பா.

1960-ல் அவசரகாலம் முடிந்தும் வேன் நிற்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் இரண்டு மூங்கில், நடுவே வெள்ளைத் துணி. சின்னப் பிள்ளைகள் முன்வரிசையில், கம்பளிக்குள் மூன்று பேராக. காசநோய்ப் படத்தில் இருமல் வந்தால் நாங்களும் இருமிக் காட்டுவோம்; வாத்தியார் பிரம்பை ஆட்டுவார். தெமியார் பழங்குடி மக்களைப் பற்றி 1956-ல் எடுத்த படமும் உண்டு. நமக்குப் பக்கத்துக் காட்டுக்காரர்கள் படத்தில் வருகிறார்களே என்று பொறாமையாக இருக்கும். நம்மை யார் எடுத்தார்கள்?

பனி இறங்கினால்தான் வேடிக்கை. வெளிச்சம் துணிக்குப் போகாமல் பாதி வழியிலேயே பனியில் தங்கிவிடும். ஆள் தெரியாது, குரல் மட்டும் தமிழில் பேசிக்கொண்டிருக்கும். ஒருவரும் எழுந்து போக மாட்டோம்.